ஒத்துப்போகாத கணக்கு

கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா ரோம் நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பாளராக ஃப்ரான்டினஸை நியமித்தார். பதவியேற்றதும் அவர் பழைய பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார். ஒன்பது கால்வாய்கள் வழியே நகரத்துக்கு வரும் நீர் 12,755 குவினாரியா என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. விநியோகித்தது 14,018 குவினாரியா என்று இன்னோரிடத்தில் எழுதியிருந்தது. வந்ததைவிடக் கொடுத்தது 1,263 அதிகம்! அவர் கால்வாய்களின் தலைப்புக்கே போய் அளந்தபோது, ஏட்டில் இருந்ததைவிட ஏறத்தாழ பத்தாயிரம் குவினாரியா கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது. இடையில் எங்கோ நீர் காணாமல் போகிறது என்று முடிவுகட்டித் தேடினார். நீர்ப் பணியாளர்களே காசு வாங்கிக்கொண்டு நடைபாதைகளுக்கு அடியில் குழாய்களைத் துளைத்துத் திருட்டு இணைப்பு கொடுத்திருந்தது வெளிவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃப்ரான்டினஸின் அளவீட்டு முறையே தவறானது. குவினாரியா என்பது குழாய் வாயின் பரப்பு மட்டுமே. நீரின் வேகம் அளவை மாற்றும் என்பதை அவர் ஓரளவு உணர்ந்திருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்கத் தெரியவில்லை. பரப்பை வேகத்தால் பெருக்கினால்தான் ஓட்டத்தின் அளவு கிடைக்கும் என்பதை இத்தாலியில் காஸ்தெல்லி 1628-இல் அச்சிட்ட பிறகுதான் பொறியாளர்கள் பரவலாக அறிந்தார்கள். தவறான அளவுகோலை வைத்துக்கொண்டும் ஃப்ரான்டினஸ் சரியான திருடர்களைப் பிடித்தார்.

நகரக் குழாய் வலையைக் கணினியில் அப்படியே எழுப்பி, எந்தத் தெருவில் எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஓட்டம் என்று கணக்கிடுவதை இன்று நீரியல் மாதிரி என்கிறோம். இந்தத் தொழிலின் வரலாற்றைப் பொதுவாகக் கணித முன்னேற்றத்தின் கதையாகவே சொல்வார்கள்: சூத்திரம் பிறந்தது, திருந்தியது, கணினி வந்தது, மென்பொருள் வந்தது. அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மாதிரி ஒரு நகரத்துக்குப் பயன்பட்ட ஒவ்வொரு முறையும் பயன் கிடைத்தது, கணக்கு களத்தோடு ஒத்துப்போனதால் அல்ல, ஒத்துப்போகாமல் நின்ற இடத்தில் யாரோ ஒருவர் போய்த் தோண்டிப் பார்த்ததால். நகரங்களுக்கு முக்கியக் குறை கணக்கிடும் திறமை அல்ல. குறைவாக இருந்தது, நீரேற்று நிலையத்தை விட்டு வெளியேறிய தண்ணீருக்கு என்ன ஆனது என்று அளக்கும் மனம்தான்.

பிரான்சின் டிஜோன் நகரப் பொறியாளர் ஆன்றி டார்சியின் கதையிலிருந்தே இதைக் காட்டலாம். ரோசுவார் ஊற்றிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவுக்கு நீரைக் கொண்டுவந்து 1840-இல் டிஜோனுக்குக் குடிநீர் கொடுத்தவர் அவர். அக்காலத்துச் சூத்திரங்கள் குழாயின் உட்பரப்பு எப்படி இருந்தாலும் ஒன்றுதான் என்று கொண்டன. களத்தில் பழைய குழாய்கள் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. 1849-க்கும் 1851-க்கும் இடையில் பாரிஸின் ஷையோவில் இரும்பு, ஈயம், கண்ணாடி என்று பல வகைக் குழாய்களை, புதியவற்றையும் உள்ளே பொருக்குப் படிந்தவற்றையும், வரிசையாக வைத்து டார்சி சோதித்தார். உட்பரப்பின் சொரசொரப்பு உராய்வு இழப்பை மாற்றுகிறது என்று நிறுவி 1857-இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் ஹேசனும் வில்லியம்ஸும் இதை நடைமுறைப் பொறியாளர் எளிதாகக் கையாளும் ஒரே எண்ணாகச் சுருக்கினார்கள். அதுதான் இன்றும் பல நீர்வாரியங்களில் புழங்கும் ‘சி’ மதிப்பு. புதிய வார்ப்பிரும்புக் குழாய்க்கு 130, துருவேறிய பழைய குழாய்க்கு 100 என்று போடுவது வழக்கம். 130 என்பது 100 ஆகும்போது அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடுகிறது. குழாயின் விட்டம் பாதியானால் இழப்பு 29 மடங்கு. ஒரு தெருவில் குழாய் 6 அங்குலமா 3 அங்குலமா என்று அலுவலக வரைபடத்தில் தவறாகக் குறித்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை நுட்பமான மென்பொருளும் அந்தத் தெருவைப் பற்றிச் சொல்வது கற்பனைதான்.

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. நம் நாட்டில் அது அதிகம் பேசப்படுவதில்லை. இன்று நம் நகரங்களில் இருப்பதைப் போலவே அன்று லண்டனிலும் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். கம்பெனியின் ஆள் வந்து வால்வைத் திறப்பார். வீட்டார் தொட்டியிலும் பீப்பாயிலும் பிடித்துவைப்பார்கள். 1831-இல் நாட்டிங்ஹாமில் இரவும் பகலும் அழுத்தம் குறையாமல் நீர் வழங்கும் திட்டத்தைத் தாமஸ் ஹாக்ஸ்லி கட்டினார். 1840-களில் நகரச் சுகாதார ஆணையத்தின் முன் சாட்சி சொல்லும்போது, தொடர் வழங்கலில் நீர் விரயம் கூடாது, குறையும் என்று வாதிட்டார். லண்டன் கம்பெனிகள் சிரித்தன. எங்கள் குழாய்கள் ஒழுகுகின்றன, வீட்டுக் குழாய்முனைகள் உடைந்திருக்கின்றன, 24 மணி நேரமும் அழுத்தம் கொடுத்தால் தேக்கம் வற்றிவிடும் என்றன. அவர்கள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. குழாய்கள் ஒழுகத்தான் செய்தன. ஆனால் எங்கே ஒழுகின என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. மணிக்கணக்கு வழங்கல் அந்த அறியாமைக்குத் திரைபோட்டது. வால்வை மூடிவிட்டால் ஒழுக்கும் நின்றுவிடும், கேள்வியும் நின்றுவிடும்.

லிவர்பூல் அந்தத் திரையை விலக்கியது. தொடர் வழங்கல் இருந்த அந்நகரம் 1860-களின் வறட்சியில் மணிக்கணக்கு வழங்கலுக்குத் திரும்ப நேர்ந்தது. 1871-இல் நகரப் பொறியாளராக வந்த ஜார்ஜ் டீக்கன் புதிய ஏரி கேட்டு முதலில் மனுப்போடவில்லை. 1873-இல் ஒரு மீட்டரை உருவாக்கினார். நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்தின் நுழைவாயிலிலும் இந்த மீட்டரை வைத்தார். உருளையில் சுற்றிய தாளில் ஒரு பென்சில் ஓட்டத்தின் அளவைக் கோடாக வரைந்துகொண்டே போகும். ஊர் உறங்கும் நடுநிசியில் யாரும் தண்ணீர் பிடிப்பதில்லை. அப்போதும் கோடு உயரத்தில் நின்றால் அவ்வளவும் ஒழுக்கு. ஆய்வாளர்கள் இரவில் தெருத்தெருவாகப் போய் வீட்டு இணைப்பு வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். காலையில் தாளை எடுத்துப் பார்த்தால், எந்த நேரத்தில் கோடு இறங்கியதோ அந்த நேரத்தில் மூடிய வால்வுக்கு அப்பால்தான் ஒழுக்கு. இவ்வழியில் விரயத்தைக் கட்டுப்படுத்தி லிவர்பூல் மீண்டும் தொடர் வழங்கலுக்கு வந்தது. இதே டீக்கன்தான் பிறகு வேல்ஸில் வைர்ன்வி அணையையும் கட்டினார்; புதிய ஆதாரமே வேண்டாம் என்ற கட்சிக்காரர் அல்லர். வரிசைதான் முக்கியம்: முதலில் இருக்கும் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்தார், பிறகு மேலும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். இன்று ‘மாவட்ட அளவீட்டுப் பகுதி’ என்று ஒப்பந்தப் புள்ளிகளில் வரும் சொல் அந்த ஏற்பாட்டின் வாரிசு. டீக்கன் அந்த மீட்டரை வைத்தபோது, குழாய் வலைக் கணக்குக்குப் பின்னாளில் வழி கண்ட ஹார்டி கிராஸ் பிறக்கக்கூட இல்லை.

ஹார்டி கிராஸ் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியல் பேராசிரியர். வளையம் வளையமாகப் பின்னிக் கிடக்கும் குழாய் வலையில் எந்தக் குழாயில் எவ்வளவு நீர் எந்தத் திசையில் ஓடும் என்பது அதுவரை தீராத தலைவலி. விதிகள் இரண்டே. ஒரு சந்திப்புக்கு வரும் நீரும் அதிலிருந்து போகும் நீரும் சமமாக இருக்க வேண்டும். எந்த வளையத்தைச் சுற்றி வந்தாலும் அழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாக வேண்டும். ஆனால் ஓட்டம் இரட்டிப்பானால் இழப்பு இரட்டிப்பாகாமல் ஏறத்தாழ மூன்றரை மடங்காகிவிடுவதால் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்க முடியாது. 1936-இல் கிராஸ் சொன்ன வழி எளியது: முதலில் ஓட்டங்களை ஊகித்துக்கொள், வளையத்தில் மிஞ்சும் பிழையைக் கணக்கிடு, அதற்கேற்பத் திருத்து, பிழை அற்பமாகும்வரை திரும்பத் திரும்பச் செய். பொறியாளர்கள் பல நாள் உட்கார்ந்து கையாலேயே போட்டார்கள். மாற்றுவழியாக மின்சுற்றுகளும் வந்தன. மெக்கில்ராய் என்ற அமெரிக்கப் பேராசிரியர், மின்னோட்டம் கூடக்கூட மின்தடையும் கூடும் டங்ஸ்டன் இழை விளக்குகளைக் குழாய்களுக்குப் பதிலாக இணைத்து, நகரத்தின் நீர்வலையையே ஒரு மின்பலகையாக அமைத்தார். எங்கே விளக்கு பளிச்சென்று எரிகிறதோ அங்கே குழாய் சிறியது, இழப்பு அதிகம். அழகான கருவி, கணினி வந்ததும் மறைந்துபோனது. 1950-களின் இறுதியில் கிராஸின் முறை கணினியில் ஏறியது, 1980-களில் இத்தாலியின் டொடினியும் பிலாட்டியும் வேகமான தீர்வுமுறை தந்தார்கள், 1993-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையில் லூயிஸ் ராஸ்மன் உருவாக்கிய இபாநெட் மென்பொருள் விலையில்லாமல் வெளிவந்தது. கல்லூரி மாணவர் தம் மடிக்கணினியில் ஒரு மாநகரத்தின் குழாய்களை வரைந்து ஓட்டிப் பார்க்கலாம் என்ற நிலை அன்றே வந்துவிட்டது. கணக்கு என்ற தடை அங்கே தீர்ந்தது.

தீராமல் நின்றது கணக்குக்குள் புதைந்திருந்த ஓர் அனுமானம். அந்த மென்பொருள்கள், ஒவ்வொரு சந்திப்பிலும் மக்களுக்குத் தேவையான நீர் எப்படியும் கிடைத்துவிடுகிறது என்று முதலிலேயே எடுத்துக்கொண்டு, அதற்கான அழுத்தம் என்ன என்று கணக்கிட்டன. பந்தியில் உட்கார்ந்தவர் எல்லோருக்கும் சோறு பரிமாறியாயிற்று என்று எழுதிவைத்துவிட்டு, அண்டாவில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைப் போன்றது இது. நீர் போதாத நகரத்தில் விடை பூஜ்ஜியத்துக்கும் கீழே வரும். கடைமடைத் தெருவில் எதிர்மறை அழுத்தம் என்று திரை காட்டும், ஆனால் அங்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் போய்ச் சேர்ந்ததாகவே கணக்கு இருக்கும். 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கும் நகரத்தில் பிறந்த கணக்கு அது, அங்கே சரிதான். நாகபுரியின் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பிரமோத் பாவே 1981-லேயே இதைச் சுட்டிக்காட்டினார். தேவையைக் கொடுத்து அழுத்தத்தைக் கேட்காதே, இருக்கும் அழுத்தத்துக்கு எவ்வளவு நீர் உண்மையில் கிடைக்கும் என்று கேள் என்பதே அவருடைய முறையின் சாரம். இபாநெட்டில் இந்த வசதி நிலையாகச் சேர்ந்தது 2020-ஐ ஒட்டி. ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளி! காரணம் கணிதக் கடினம் என்று எனக்குத் தோன்றவில்லை. மென்பொருள் எழுதியவர்களின் நகரங்களில் அந்தக் கேள்வி அவசரமாக இல்லை. அந்தக் கேள்வி அவசரமாக இருந்த நகரங்கள் மென்பொருளை ஆயத்தமாக வாங்கிக்கொண்டன.

மணிக்கணக்கு வழங்கலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வால்வைத் திறந்ததும் குழாய் முதலில் காற்றைத் தள்ளிவிட்டு நிரம்ப வேண்டும். மூடியதும் தாழ்வான வீடுகளுக்கு வடிந்து காலியாகும். நிரம்பிய குழாய்க்காகவே பிறந்த மாதிரிகளுக்கு இந்த நிரம்பலும் வடிதலும் புரியாது. அதனால்தான் மழைநீர் வடிகால்களுக்காக எழுதிய மென்பொருளை எடுத்து, குடிநீர்க் குழாய்க்குப் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அதோடு, வீட்டுக்கு வீடு தரைத்தொட்டியும் மோட்டாரும் வந்துவிட்ட பிறகு ‘நுகர்வு’ என்பதன் பொருளே மாறிவிட்டது. குழாய்முனையைத் திறக்கும் தேவை அல்ல, தொட்டி நிரம்பும்வரை உறிஞ்சும் வேகமே தெருவின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. பல சென்னைத் தெருக்களில் வாசலில் நிற்கும் அடிபம்பு, அந்தத் தெருக் குழாயில் நீர் தானாக ஏறி வரும் அழுத்தம் இல்லை என்பதற்கு எந்த மாதிரியும் தேவைப்படாத சாட்சி.

சென்னையின் நீர் வரலாற்றை யார் எழுதினாலும் அது ஆதாரங்களின் பட்டியலாகவே அமைந்துவிடுகிறது. 1872-இல் செங்குன்றம் ஏரி நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்தது. 1914-இல் அங்கே மணல் வடிகட்டிகளும் நீரேற்று நிலையமும் எழுந்தன. 1944-இல் பூண்டி, 1983-இல் கையெழுத்தாகி 1996-இல் நீர் வந்த கிருஷ்ணா திட்டம், 2004-இல் புதிய வீராணம், 2010-இல் மீஞ்சூர் கடல்நீர் ஆலை, 2013-இல் நெம்மேலி. இந்த ஆண்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடலாம். தெருவுக்கு அடியில் கிடக்கும் பகிர்மானக் குழாய்களுக்கு அப்படி ஊர் அறிந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. நீரைக் கொண்டுவருவதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. கொண்டுவந்த நீரைக் கணக்குப் பார்ப்பதற்கு விழா இல்லை. இது சென்னைக்கு மட்டும் உரிய குணமும் அல்ல.

ஊரில் தண்ணீரே இல்லாதபோது குழாய்க் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நகரத்தில் அது நியாயமான கேள்விதான். வறட்சியில் ஏரி வற்றினால் எந்த மாதிரியும் மழை பெய்விக்காது. ஆனால் ஓர் எளிய கணக்கு: ஒரு நகரம் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் அனுப்பி, அதில் 30 விழுக்காடு கணக்கில் வராமல் போகிறது என்று வைத்துக்கொண்டால் அது 30 கோடி லிட்டர், அதாவது 10 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள மீஞ்சூர் ஆலை மூன்று. கடல்நீரில் ஓர் ஆயிரம் லிட்டரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. அப்படி உருவாக்கிய நீரை ஒழுகும் குழாயில் விடுவது நீரோடு மின்சாரத்தையும் மண்ணில் விடுவது. ஒழுக்கு அழுத்தத்தைப் பொறுத்தது. இரவில் தேவை குறையும்போது குழாயில் அழுத்தம் வீணே ஏறி ஒழுக்கு கூடும். எந்தப் பகுதிக்கு எந்த நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்கலாம், எந்தப் பம்பை நிறுத்தலாம், குறைத்தால் மேட்டுத் தெரு வறண்டுபோகுமா என்பதைத் தெருவில் பரிசோதித்துப் பார்க்க முடியாது. மாதிரியில் பார்க்கலாம். நீடித்து நிற்கும் நீர் மேலாண்மை என்று மேடைகளில் பேசப்படுவது நடைமுறையில் பெரும்பாலும் இத்தகைய சலிப்பூட்டும் வேலைதான்.

இதெல்லாம் பணக்கார நகரங்களுக்கு, நம்மிடம் வரைபடமே இல்லை என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு நோம்பென் பதில் சொல்கிறது. போரும் படுகொலையும் சிதைத்த அந்தக் கம்போடியத் தலைநகரில் 1993-இல் நீர்வாரியப் பொறுப்பு எக் சோன் சானிடம் வந்தபோது உற்பத்தியான நீரில் 72 விழுக்காட்டுக்கு வருவாய் இல்லை. நாளில் சுமார் 10 மணி நேரமே நீர். அவர் தொடங்கியது வீடுவீடாகப் போய் யாருக்கு இணைப்பு இருக்கிறது என்று எழுதியதில். பட்டியலில் இருந்த வாடிக்கையாளர் சிலர் நிஜத்தில் இல்லை. நிஜத்தில் நீர் பிடித்தவர் பலர் பட்டியலில் இல்லை. ஃப்ரான்டினஸ் கண்ட அதே காட்சி. மீட்டர் பொருத்தினார்கள், திருட்டு இணைப்புகளைத் துண்டித்தார்கள், சொந்த ஊழியர்களுடையவை உட்பட. குழாய்களை மாற்றினார்கள், வலையைப் பகுதிகளாகப் பிரித்து இரவு ஓட்டம் பார்த்தார்கள். சுமார் 15 ஆண்டுகளில் 72 என்பது 6 விழுக்காடு அளவுக்கு இறங்கி, நீர் நாள் முழுவதும் வந்தது. வெளிநாட்டு உதவிப் பணம் கணிசமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே உதவிப் பணத்தை வாங்கிய எல்லா நகரங்களும் நோம்பென் ஆகிவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அரசு நிதியில் எல்லார்க்கும் தொடர் வழங்கல் என்பது தனியார்மயத்துக்கு வாசல் திறக்கும் வேலை என்று ஐயப்படுவோரும் உண்டு. கர்நாடகத்தில் ஹுப்பள்ளி-தார்வாடில் 2008 முதல் சில வார்டுகளில் நடந்த 24 மணி நேர வழங்கல் முயற்சியைச் சுற்றி அந்த விவாதம் சூடாகவே நடந்தது. கட்டணமும் நிர்வாகமும் யார் கையில் என்பது தனிக் கேள்வி. நோம்பெனின் நீர்வாரியம் அரசு நிறுவனமாகவே இருந்து செய்து காட்டியது. ஆனால் ஹுப்பள்ளி-தார்வாடில் எடுத்த நீர் மாதிரிகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. மணிக்கணக்கு வழங்கலில் குழாய்முனை நீர் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மலக்கிருமி இருந்தது. தொடர் வழங்கலில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அழுத்தம் இல்லாத குழாய், பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுக்கிறது. அழுத்தம் என்பது வசதி மட்டும் அன்று.

எனக்கு முக்கியமாகப் படும் மறுப்பு மென்பொருள் வல்லுநர்களிடமிருந்து வருவதில்லை, வால்வு திறக்கும் ஊழியரை அறிந்தவர்களிடமிருந்து வருகிறது. எந்த வால்வை எத்தனை திருகு திறந்தால் எந்தச் சந்துக்குத் தண்ணீர் ஏறும், எந்தத் தெருவில் வரைபடத்தில் இல்லாத குறுக்கிணைப்பு கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. அவரே மாதிரி, கணினி எதற்கு என்பது அந்த வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். அவரைக் கேட்காமல் எழுப்பிய மாதிரி அலமாரியில்தான் தூங்கும். ஆனால் அவர் ஓய்வுபெறும் நாளில் நகரம் ஒரு வரைபடத்தை இழக்கிறது. அதைவிட, அவர் திறப்பது யாருக்கு, மூடுவது யாருக்கு என்பது அவருக்கும் அவரைக் கைப்பேசியில் அழைக்கக்கூடியவர்களுக்கும் மட்டுமே தெரிந்த விஷயமாக இருக்கும்வரை, கடைமடைக் குடிசைப்பகுதி தன் பங்கைக் கேட்க ஓர் எண்கூடக் கையில் இல்லாமல் நிற்கும். அந்த மறைவால் ஆதாயம் பெறுவோர் இருக்கிறார்கள். அளவீடு நுழையத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவீடு நுழைந்த பிறகும் தப்பிக்க வழி இருக்கிறது. களத்து அழுத்தத்தோடு மாதிரியை ஒத்துப்போக வைக்கும் வேலையைப் பொறியாளர்கள் காலிப்ரேஷன் என்கிறார்கள். மாதிரி 14 மீட்டர் என்று சொல்லும் தெருவில் கருவி 5 மீட்டர் காட்டினால், அந்தக் குழாயின் ‘சி’ மதிப்பை 100-லிருந்து 40-க்கு இறக்கினால் போதும். இரண்டும் அழகாக ஒத்துப்போகும், அறிக்கையும் நிறைவேறும். உண்மையில் அந்தத் தெருவில் எப்போதோ பாதி மூடியபடி தார்ச்சாலைக்கு அடியில் புதைந்த ஒரு வால்வு இருக்கலாம், பெரிய ஒழுக்கு இருக்கலாம், ஏட்டில் 6 அங்குலம் என்றிருக்கும் குழாய் 3 அங்குலமாக இருக்கலாம், ஒரு விடுதியின் நிலவறைக்குப் போகும் இணைப்பு இருக்கலாம். எண்ணைத் திருத்தியவருக்கு இவற்றில் எதுவும் தெரியவராது. ஒப்பந்தங்கள் பொதுவாக இத்தனை விழுக்காட்டுக்குள் மாதிரி ஒத்துப்போக வேண்டும் என்றுதான் கேட்கின்றன. ஒத்துப்போகாத இடங்களின் பட்டியலையும், ஒவ்வோரிடத்திலும் தோண்டிப் பார்த்தபோது என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்டால், அதே பணத்துக்கு நகரத்துக்குக் கிடைப்பது வேறொன்றாக இருக்கும்.